சத்தம் எங்கே போகுது

விரலை வைத்தால் பச்சைக் கோடு எகிறுகிறது, சத்தம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தாரணி மறுபடி வைத்தாள். ச. கோடு எகிறியது. ரி. எகிறியது. க. டேப்லெட்டின் கண்ணாடிக்குள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் அமுங்கி எழுந்திருக்கின்றன, எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, ஊமைப்படம் மாதிரி. வால்யூமை இதற்கு மேல் ஏற்ற இடமில்லை. மணி ரெண்டு நாற்பது. நாலுக்குள் பாட்டு போய்ச் சேரவேண்டும், சேராவிட்டால், "பரவால்லீங்க தாரணி, பழைய பாட்டையே போட்டுக்கறோம்" என்று நாட்டியப் பள்ளி டீச்சர் ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள், அந்த மரியாதையைத்தான் தாங்கமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. பதினாறு பிள்ளைகள் நொய்யல் ஆறாக வளைந்து வளைந்து ஆடப் போகிறார்கள், தாரணி போட்ட மெட்டுக்கு. முப்பத்தொன்பது வயசில் அவளுடைய மெட்டு ஒன்று முதல் தடவையாக இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டப் போகிறது. கட்டை வாசித்தாயிற்று, தாளம் சேர்த்தாயிற்று, குரல் மட்டும் பாக்கி, மூணே முக்கால் நிமிஷ வேலை. நேத்து மத்தியானம்கூட கணீர்னு வந்துச்சே, அதுக்குள்ள என்ன கெரகம் புடிச்சுது இதுக்கு? நினைத்து முடிக்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் இருமினார். முதலில் ஒன்று, பிறகு ரெண்டு, பிறகு மூச்சை உள்ளே இழுத்து ஒரு நீளத் தொடர், கடைசியில் ஒரு காறல். நேத்து ஆறு தடவை பாடினாள், ஆறிலும் மாமா இருக்கிறார். ஒன்றில் பல்லவியிலேயே வந்துவிட்டார், மற்றொன்றில் பாவம் கடைசி வரி வரைக்கும் பொறுத்திருந்து, "நிக்கிறியே" என்று அவள் இழுக்கும்போது கூடவே இழுத்தார். இன்னிக்கு ரெண்டு கஷ்டமும் சேர்ந்துகொண்டன. அந்தப் பக்கம் வேண்டாத சத்தம் வருது, இந்தப் பக்கம் வேண்டிய சத்தம் வரல, யார்கிட்டப் போய் அழுவது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அது உயிர் வந்து, வெள்ளையாகி, கறுப்பாகி, ஆடி அசைந்து எழுந்திருப்பதற்குள் ஆறு நிமிஷம் போயிற்று. ச. கோடு எகிறியது. அடங்கொன்னியா. அமைப்புகள் என்கிற பக்கத்துக்குப் போனால் அது ஒரு பெரிய ஜவுளிக்கடை, மாடிக்கு மேல் மாடி, எதைத் தொட்டாலும் இன்னொரு பக்கம் திறக்கிறது. சைலன்ட் போட்டிருக்கா? இல்ல. தொந்தரவு செய்யாதே? இல்ல. போன் வீடியோவில் ஒரு ஹிந்திப் பையன் இதே கீபோர்டு செயலியை வைத்துப் பாடம் நடத்துகிறான், முதல் விஷயம் இது என்கிறான் போல, எங்கேயோ தொடுகிறான், அவனுக்கு மட்டும் டங்கென்று வருகிறது, மவராசனா இரு. அவளுக்குக் கட்டை வாசிக்க யாரும் பாடம் நடத்தியதில்லை. தாராபுரத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த சின்னக் கீபோர்டு, மார்கழியில் கோயில் மைக்கில் வருவதைக் கேட்டுக் கேட்டு விரலே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதைக் கூடத்தில் தூக்கி வைத்து வாசிக்கச் சொன்னார்கள். வந்தவர்களில் மாப்பிள்ளை குணசீலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாமியார் இவள் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாமனார் நாச்சிமுத்து ஒருத்தர்தான் கடைசி வரை தலையைத் தலையை ஆட்டினார், "புள்ள ஜோரா வாசிக்குது" என்றார். நாற்பது வருஷம் தறி ஓட்டிய மனுசர், விசைத்தறிச் சத்தத்தில் காது ரெண்டும் அப்போதே பாதிக்கு மேல் போய்விட்டது, தாராபுரத்துக் கூடத்தில் அவருக்கு ஒரு சுரம்கூடக் கேட்டிருக்காது என்று கல்யாணமாகி மூணு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு அடக்கமாட்டாமல் சிரித்தாள். அப்புறம் ஏனோ கொஞ்சம் அழுகை வந்தது. சரி, அதையெல்லாம் நினைக்க இதுவா நேரம், மணி மூணாகப் போகுது, கை வேர்க்குது, வேர்த்த விரலைக் கண்ணாடி மதிக்கமாட்டேங்குது.

ஹிந்திப் பையன் ஒரு பொத்தானைக் காட்டினான். மைக் படம், பக்கத்தில் ஒரு காது படம். மானிட்டர். அதைப் போட்டால் நாம் பேசுவதும் பாடுவதும் அப்போதைக்கப்போதே நமக்குக் கேட்கும் என்கிறான், கையைக் காதில் வைத்துக் காட்டினான், அது எந்த பாஷையிலும் புரிகிறது. போட்டாள். "ஹலோ" என்றாள். கோடு எகிறியது. "ஹலோ ஹலோ. ஒண்ணு ரெண்டு மூணு." எகிறியது, எகிறியது. ஒன்றும் கேட்கவில்லை. "நில்லாம வந்தவளே, நொய்யலே, எங்கூரு வந்ததும் நிக்கிறியே" என்று அரைக்குரலில் பாடிப் பார்த்தாள். கோடு என்ன அழகாக ஏறி இறங்குகிறது, அப்படியென்றால் சத்தம் இருக்கிறது, இல்லாமலா கோடு ஆடும், உள்ளே போகிற சத்தம் வெளியே வரவில்லை என்றால் வேறு எங்கேதான் போகுது? எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? மாமா இருமினார். இந்தத் தடவை நீளம். எட்டு எண்ணினாள், ஒன்பது, பத்து. உள்ளே ஏதோ அறுந்ததுபோல் ஆயிற்று அவளுக்கு. "ஐயோ, இந்த இருமல் ஒண்ணு!" என்று வாய்விட்டே சொன்னாள், டேப்லெட்டைப் பார்த்துத்தான் சொன்னாள், "என் பாட்டையெல்லாம் தின்னுட்டுத்தான் அடங்குமா இது? ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் அடக்கிக்க முடியாதா இந்த மனுசனுக்கு?" சொன்னதும் மனசு கொஞ்சம் லேசாயிற்று. அவருக்கா கேட்கப்போகுது, கதவுக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது. அதோடு இருமலும் நின்றது, சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஜவுளிக்கடைக்குள் போனாள்.

மாமா இருமுகிற அந்த அறை அவளுக்கென்று வாங்கிய அறை. வீடு வாங்கும்போதே குணசீலன் சொன்னார், ரோட்டுப் பக்கம் ஜன்னல் கிடையாது, வண்டிச் சத்தம் வராது, நீ உக்காந்து வாசிச்சுக்கோ என்று. வாசித்தாள், நாலு மாசம். அப்புறம் மாமியார் தவறிப்போனார், சோமனூர் வீட்டைப் பூட்டிவிட்டு மாமா ரெண்டு பையோடு வந்தார், கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று, இவள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டாள். வந்த புதிதில் டிவி அலறல்தான் பெரிய இம்சை, பட்டிமன்றக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே நின்று சண்டை போடுவதுபோல் இருக்கும். நாத்தனார் கோயமுத்தூரிலிருந்து புது மாதிரி காது மெஷின் வாங்கி அனுப்பினாள், வயர் இல்லாமலே டேப்லெட்டிலிருந்து நேராகக் காதுக்குள் பேசும். தாரணிதான் கம்பெனிப் புஸ்தகத்தைப் படித்துப் படித்து இணைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து காலையில் டேப்லெட் மாமாவுக்கு, பட்டிமன்றம் அவர் காதுக்குள்ளேயே நடக்கும், வீடு நிம்மதி. மத்தியானம் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு நாலு வரைக்கும் தூங்குவார், டேப்லெட் இவளுக்கு. ரெண்டு வருஷமாக ஒருநாள் பிசகியதில்லை. இன்னிக்குத்தான், சோறு போடும்போது, "மாமா, சிலிண்டர்காரன் வருவானுங், நான் பாட்டுல உக்காந்துட்டா பெல்லுச் சத்தம் எனக்கு உறைக்காது, மெஷினைக் கழட்டாம இருங், சித்த பாத்துக்கோங்" என்று சொன்னாள். "ஆகட்டும் அம்மிணி" என்றார். அந்தச் சிலிண்டர்காரனும் இன்னும் வந்தபாடில்லை.

ஓசூரிலிருந்து தங்கச்சி சங்கவியைக் கூப்பிட்டாள், அவள் கம்ப்யூட்டர் படித்தவள். போனை ஸ்பீக்கரில் போட்டு டேப்லெட் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு ரெண்டு கையாலும் தேடினாள். "ஆன் பண்ணிப் பாத்தியாக்கா?" "ஆன் பண்ணாம கோடு எப்படிடி எகிறும், கூறுகெட்டவளே?" "கத்தாத. வேற ரூம்ல போய்ப் பாரேன்." "எந்த ரூம்? இருக்கறது ரெண்டு. ஒண்ணுல அவரு, இன்னொண்ணு ரோட்டுப் பக்கம்." "அவரு இன்னும் எத்தன நாளைக்கு அங்கயே? உன்ற நாத்தனா வீட்ல மாடியே காலியாக் கெடக்குதே." "கேட்டாச்சு. அப்பா படி ஏறமாட்டாருங்கறா. இவரு பல்லடம் ரோட்டுல ஒரு முதியோர் இல்லம் விசாரிச்சு வெச்சிருக்காரு. தோட்டமெல்லாம் இருக்குதாம். வர்ற மாசம் பாக்கலாம்னு பேச்சு, மாமாகிட்ட யாரு சொல்றதுங்கறதுலதான் நிக்குது." "நீ சொல்லீரு." "நானா? சொன்னா ஏன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டாருடி. வெள்ளச் சட்டயப் போட்டுட்டுப் பையோட வந்து கூடத்துல உக்காந்துருவாரு. திட்டுனாக்கூடத் தேவல." சங்கவி குறுக்கே ஏதாவது பேசியிருந்தால் இவள் நிறுத்தியிருப்பாள். "நான் நல்லவ இல்ல சங்கவி" என்றாள் தாரணி, விரல் அது பாட்டுக்கு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, "விடிகாலைல அவரு இருமல் கேக்காட்டி எந்திரிச்சுக் காது குடுத்துக் கேக்கறேன். நின்னு போச்சோன்னு பயமா, நின்னு போகட்டும்னு ஆசையான்னு எனக்கே தெரியல. ஒரு ரூமுக்காகடி. ஒரே ஒரு ரூமுக்காக." "அக்கா, சும்மா இரு" என்றாள் சங்கவி. பிறகு, "அவுட்புட்னு எங்கயாச்சும் இருக்கும் பாரு, சத்தம் எது வழியா வரணும்னு கேக்கும், அதத் தொடு, எனக்கு மீட்டிங் இருக்குது, வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மூணு இருபத்தெட்டு. ஒருவேளை உள்ளேயே ஏதாவது எரிந்துபோயிருக்குமோ. எரிந்துபோயிருந்தால் டீச்சரிடம் என்ன சொல்வது, டேப்லெட் கெட்டுப்போச்சுங்க என்றால், ஓ அப்படீங்களா என்பாள், நம்பமாட்டாள், பாட்டு வரலை என்பதற்குச் சொல்கிற சாக்கு என்று நினைப்பாள். நினைத்தால்தான் என்ன, நிசம்தானோ என்னவோ, உனக்கு வருமென்று யார் சொன்னது, ஒரு காது கேட்காத மனுசர் தலையாட்டினார், அந்த ஒரு சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் ஓட்டியாயிற்று. அழுதால் குரல் கெட்டுவிடும், அழக்கூடாது, கம்முனு இரு. அவுட்புட். அவுட்புட் எங்கே இருக்கிறது. மேல் மூலையில் விரல் வழுக்கி ஒரு சின்ன முக்கோணத்தைத் தொட்டது, ஒரு பட்டியல் விழுந்தது. ரெண்டே வரி. முதல் வரியில் டேப்லெட் ஸ்பீக்கர் என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ரெண்டாவது வரியில் ஒரு டிக் அடையாளம். டிக்குக்குப் பக்கத்தில் அவளே அன்றைக்கு மெஷினை இணைக்கும்போது, பெயர் கேட்டதே என்று விளையாட்டாகத் தட்டி வைத்த பெயர். மாமா காது.

அவளுக்கு உடனே புரியவில்லை, புரியக்கூடாது என்று புத்தி கொஞ்ச நேரம் அடம் பிடித்தது, பிறகு கால் விரலிலிருந்து குளிர்ந்துகொண்டு வந்தது. மெஷினைக் கழட்டாம இருங் என்று சொன்னாளே. கழற்றவில்லை அவர். சோறு உண்ட கையோடு போய்ப் படுத்திருக்கிறார், சிலிண்டர்காரன் பெல்லுக்காகக் காதை மாட்டிக்கொண்டு. ச ரி க எல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. ஹலோ ஹலோ அங்கேதான் போயிருக்கிறது. மானிட்டர் எத்தனை மணிக்குப் போட்டாய்? அதற்கு முன்னாடி பேசினது போகாது, அதற்கு அப்புறம் பேசினது மூச்சு விட்டதுகூடப் போயிருக்கும். அப்புறம் என்ன பேசினாய், சொல்லு, நினைச்சுப் பாரு. முதியோர் இல்லம். தோட்டமெல்லாம் இருக்குதாம். அதுக்கு அப்புறம் சொன்னது. சாமி, அதுக்கு அப்புறம் சொன்னது. சங்கவியிடம்கூட இதுவரை சொல்லாதது, குணசீலனிடம் சொல்லாதது, தனக்குத்தானேகூட இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லிக்கொள்ளாதது, அதைக் கொண்டுபோய் அவர் காதுக்குள்ளேயே, அதற்கென்று செய்த மெஷின் வழியாக. போய்க் காலில் விழலாமா? விழுந்து என்னவென்று சொல்வது, மனசில் இல்லாததைச் சொல்லிவிட்டேன் மாமா என்றா? மனசில் இருந்ததைத்தானே சொன்னாள். வேறு யாரையோ சொன்னேன் என்றால்? இந்த வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள். முதல் வரியைத் தொட்டாள். டிக் இடம் மாறிய அந்தக் கணமே டேப்லெட் கூ என்று ஊளையிட்டது, பதறியடித்து மானிட்டரை அணைத்தாள், ஊளை நின்றது. தெரியாமல் கட்டையில் விரல் பட்டது. ச. கணீரென்று வந்தது. வந்துவிட்டது சத்தம். வந்து என்ன செய்ய.

மூணு நாற்பத்தொன்று. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். வீடு அப்படியே அமைதியாக இருந்தது. இரு, இரு. இருமலே கேட்கலையே? எப்போதிருந்து கேட்கலை? ரொம்ப நேரமாகக் கேட்கலை. அப்படியென்றால் தூங்குகிறார். தூங்கினால்தான் அவருக்கு இருமல் அடங்கும், ஆமாம், தெரிந்த விஷயம்தானே, சுத்தமாக அசந்து தூங்கினால் ஒரு மணி நேரம்கூட இருமமாட்டார். சோறு உண்ட களைப்பு, எழுபத்தாறு வயசு, மெஷினோடேயே தூங்கிப்போயிருப்பார், காதுக்குள் யார் என்ன கத்தினால் என்ன, பட்டிமன்றத்திலேயே தூங்குகிறவர்தானே. தூங்கறார். ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா இருமாம இருப்பாரா? கையைக் கூப்பினாள், எந்தச் சாமியை என்று தெரியாமலேயே கூப்பினாள். இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருந்தது. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்து, தாளத்தின் சத்தத்தைக் குறைத்து வைத்து, சிவப்புப் பொத்தானைத் தொட்டாள். நாலு எண்ணிக்கை. நில்லாம வந்தவளே. எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியாது, பயம் இறங்கிய தொண்டையில் அப்படி ஒரு ஈரம் இருக்குமா? பல்லவி தாண்டியது, சுவர் அமைதியாக இருந்தது. சரணம் தாண்டியது, அமைதி. பாடிக்கொண்டே சுவரைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் மாமா, இன்னும் கொஞ்சம் தூங்குங், இதோ ஆச்சு. "எங்கூரு வந்ததும் நிக்கிறியே" என்று கடைசி இழுப்பு இழுத்து, அது அடங்கி, தாளமும் அடங்கியது. அவளையும் அவள் பாட்டையும் தவிர அதில் ஒன்றுமே இல்லை. ஒரு தடவை கேட்டாள், இரண்டாம் தடவை கேட்க நேரமில்லை, அனுப்பினாள். மூணு ஐம்பத்து மூன்று. உடனே டீச்சரிடமிருந்து கைதட்டும் படம் ஒன்று வந்தது. தாரணி சிரித்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே.

மெஷினை மெதுவாகக் கழற்றி டப்பாவில் வைத்துவிட வேண்டும், அதற்காகத்தான் போனாள். கதவைச் சத்தமில்லாமல் தள்ளினாள். மாமா படுத்திருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், தோள் துண்டை நாலாக மடித்து ரெண்டு கையாலும் வாயில் அழுத்திக்கொண்டு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண் ரெண்டும் சிவந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துண்டு பாதி நனைந்திருந்தது. காதில் மெஷின் இருந்தது. இவளைப் பார்த்ததும் துண்டைக் கொஞ்சம் விலக்கினார். "தூங்கலீங்களா மாமா?" என்று கேட்டாள், குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "இல்ல கண்ணு. சிலிண்டர்காரன்... பெல்லு..." என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்தினார். "மெஷின்ல ஏதாச்சும் கேட்டுதுங்களா மாமா?" அவர் தரையைப் பார்த்தார். "என்னமோ கரகரன்னுச்சு. எனக்கென்ன கேக்குது" என்றார். நெஞ்சு ஒரு தடவை குலுங்கி எழுந்தது, அவசரமாகத் துண்டைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோய் அதை அமுக்கினார், தோள் ரெண்டும் உதறியது, அடங்கும்வரை ஒரு கையைத் தூக்கி இவளைப் பொறுக்கச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"பாட்டு முடிஞ்சுதா அம்மிணி?"

"முடிஞ்சுதுங் மாமா."

"அப்ப இருமிக்கட்டுமா?" என்றார்.